என் கதையில் அவள் பிழைக்க மாட்டாள்

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், எழுதிக்கொண்டிருந்த கதையின் பாதியை நான் வாசித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மீதியையும் அன்றைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது. சாயா ஆறிவிடுமே என்று நிறுத்தினேன். கதையில் ஒரு பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். வெளியே அவள் புருஷன் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த இடத்தில் தாளை மடக்கிவிட்டு முறுக்குத் தட்டை எடுக்க அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்து நீட்டினால் ஒருத்தரும் முறுக்கைத் தொடவில்லை.

"பாவம் அந்தப் பிள்ளை," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எந்த ஊருக்காரியாக்கும்?"

"ஊருமில்ல, பேருமில்ல. இது கதையாக்கும்."

"கதைன்னாலும் யாருக்காவது நடந்ததத்தானே எழுதுவே? சும்மா எப்பிடி வரும்? எந்த ஆஸ்பத்திரின்னாவது சொல்லுட்டி."

ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு டீச்சர். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் யார் வீட்டில் யார் படுத்தாலும் முதலில் போய் நிற்கிற ஆள். அவர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

"பேரு தெரியாட்டா என்ன? கர்த்தருக்குத் தெரியும். எல்லாரும் முழங்கால் போடுங்க."

போட்டார்கள். என் கதையில் வருகிற பெண்ணுக்காக, என் வீட்டு முன்னறையில், கண்ணீரோடு ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. டாக்டர்மாரின் கைகளை ஆண்டவர் பிடித்து நடத்த வேண்டும் என்று டீச்சர் கேட்டார். அந்தப் புருஷனுக்குத் தைரியம் வேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். நாலு பேர் ஜெபிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருக்க எனக்கு வராது. ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியுமே. கதையைக் கட்டியவள் நான்தானே.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நெய்யூருக்குப் பக்கத்தில் கல்யாணம் முடிந்து வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஜங்ஷனில் பலசரக்குக் கடை. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு மத்தியானங்கள் சும்மா கிடந்தன. அப்போது எழுத ஆரம்பித்தேன். எங்கள் சபையின் மலரில் சில கதைகள் வந்திருக்கின்றன. கதை எழுதுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் கதைக்கு ஒரு கட்டு உண்டு, எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சபையில் சொல்லுகிற சாட்சிகளிலிருந்துதான்.

சாட்சிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு அச்சு உண்டு. முதலில் வீடு நன்றாக இருக்கும், ஆண்டவரை மறந்திருக்கும். பிறகு வியாதி வரும். டாக்டர் கையை விரிப்பார். அப்போதுதான் மறைத்து வைத்திருந்த ஒரு குற்றம் நினைவுக்கு வரும். நேர்ந்துகொண்டு செலுத்தாத பொருத்தனையோ, கூடப் பிறந்தவர்களோடு பேசாமலிருந்ததோ. அழுது அறிக்கை செய்வார்கள். மறுநாள் ஸ்கேன் எடுத்தால் கட்டியைக் காணோம், டாக்டரே ஆச்சரியப்படுவார். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள் டாக்டர் கையை விரிக்கிற இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் தண்ணீர் குடிப்பார்கள். ஸ்கேன் வருகிற இடத்தில் "ஸ்தோத்திரம்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். யாரும் சைகை காட்ட வேண்டாம். தானாக வரும்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. என் மூத்த மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது நானும் மேலே ஏறி நின்று சாட்சி சொன்னேன். அது உண்மை. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று இன்றைக்கும் வாய் நிறையச் சொல்லுவேன். ஆனால் அந்த அச்சில் ஒரு குறை இருக்கிறது. பிழைத்தவர்கள் வீட்டுக் கதை மட்டும்தான் அதில் வார்க்க வரும். பிழைக்காதவர்கள் வீட்டிலிருந்து யாரும் சாட்சி சொல்ல மேலே ஏறுவதில்லை.

என் தங்கை பிழைக்கவில்லை. வயிற்றில் கட்டி. சபை முழுவதும் அவளுக்காக உபவாசம் இருந்தது. டீச்சர்தான் முன்னால் நின்று நடத்தினார். எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனாலும் போய்விட்டாள். அவள் போன அன்று வளைகுடாவில் இருந்த எங்கள் தம்பிக்கு என் வீட்டுக்காரர் போன் செய்தார். "சின்னக்காவுக்குக் கொறச்சு சீரியஸா இருக்கு, டிக்கெட் போட்டுட்டு வா மக்கா," என்றார். அப்போது தங்கையைக் குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டிச் சாவுச் செய்தி இப்படித்தான் போகும். தனியாக இருக்கிற இடத்தில் இடிந்து போய்விடக் கூடாது என்கிற அன்புதான் காரணம். தம்பி திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் வந்து, தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னான்.

"அக்கா, பிளைட்டுல கண்ண மூடல. வழி நெடுக ஜெபம் பண்ணீட்டு வந்தேன். செத்துப்போனவ பொழைக்கணும்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கேன் பாத்தியா?"

அதைக் கேட்ட நாளிலிருந்து கதை எழுதும்போது ஒரு வைராக்கியம் எனக்கு உண்டு. எனக்குத் தெரிந்ததை ஒளித்து வைத்து, கடைசியில் காட்டி, படிக்கிறவரை அழவைக்க மாட்டேன். திருப்பம் என்று அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

அடக்கத்தன்று இன்னொன்றும் நடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் டீச்சர் என் தங்கை மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது உண்டுமா? மனசில வச்சிருக்காதே." அன்பாகத்தான் கேட்டார். அவருடைய அச்சில் அந்த ஒரு இடம் காலியாக இருந்தது, அதை நிரப்பப் பார்த்தார். தங்கை மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாகிறது.

இந்த நிலைமையில்தான் விளைச்சலுக்கு நன்றி சொல்லுகிற ஸ்தோத்திரப் பண்டிகையின் பெண்கள் நிகழ்ச்சிக்கு ஒரு கதை எழுதி வாசிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். மற்றக் கதைகளில் சாவு கடைசியில் வரும். அழுதுகொண்டே வீட்டுக்குப் போகலாம். நான் சாவை நடுவில் வைத்தேன். அவள் செத்த பிறகு பாதிக் கதை பாக்கி இருக்கும்படி கட்டினேன். அவள் புருஷனுக்கு அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வருமே. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் கதையே.

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் தம்பி சொன்னது எனக்கு ஓர்மை வந்தது. இந்தப் பெண்களும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். செத்துப்போனவளுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் டீச்சர் பெருமையாக அறிவித்தார்: "அந்தப் பிள்ளைக்காக வெள்ளிக்கிழமை நாங்க அஞ்சாறு பேரு உபவாசம் இருந்தோம்." இனி மறைக்கக் கூடாது என்று எழுந்து சொன்னேன்.

"டீச்சர், அவ பொழைக்க மாட்டா. தியேட்டர்லயே முடிஞ்சிரும்."

"எழுதியாச்சா?"

"முடிவு எழுதல. மனசுல இருக்கு."

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "எழுதலியே! அப்ப மாத்தலாமே."

"மாத்த முடியாது டீச்சர்."

"ஏன் முடியாது? பேனா உனக்க கையிலதானே இருக்கு?"

பக்கத்து வீட்டுக்காரி சேர்ந்துகொண்டாள். "ஏட்டி, நான் சுகர் மாத்திரை போடுகவ. பச்சத்தண்ணி குடிக்காம இருந்தேன் அவளுக்காக. நீ என்னன்னா ஒரு நிமிசத்துல கொன்னு போடுவேன்னு சொல்லுகே. உனக்கு மனசிலாவுதா இல்லியா?"

"உன்னைய யாரு பட்டினி கெடக்கச் சொன்னது?"

"நீதானே வாசிச்சே! செருப்பக் கையில வச்சுக்கிட்டு நிக்கான்னு வாசிச்சியே, அதக் கேட்டுட்டு சோறு எறங்குமா?"

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "மக்கா, வெளையாட்டு இல்ல. பண்டிகையில வாசிக்கப்போற. சின்னப்பிள்ளைய எல்லாம் இருக்கும். இத்தன பேரு ஜெபிச்சும் அவ செத்துட்டான்னு நீ வாசிச்சா, ஜெபத்துக்கு என்ன மரியாத?"

"இத்தன பேரு ஜெபிச்சுத்தானே எனக்க தங்கச்சியும் செத்தா?"

டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது தெய்வ சித்தம். இது உனக்க சித்தம். நீ ஏன் சாகடிக்கணும்?" என்றார். அப்போதும் முடிவை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கடையிலும் பேச்சு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்: "யாரையோ கொல்லப்போறியாமே? பருப்பு வாங்க வந்தவளுவ எல்லாம் எங்கிட்டச் சிபாரிசுக்கு வாறாளுவ. ஒருத்தி சொல்லுகா, 'அண்ணாச்சி, கோமாவுலயாவது போடச் சொல்லுங்க'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ மீன் கொழம்புல புளி கூட நான் சொல்லிக் கொறச்சதில்ல, போங்கன்னு சொல்லீட்டேன்."

ஆனாலும் டீச்சரின் கேள்வி என்னை விடவில்லை. மாட்டேன் என்று சொல்லுவதற்கு முன்னால் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டாமா? ஒரு மத்தியானம் உட்கார்ந்து அவளைப் பிழைக்க வைத்தேன். தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிச் சிரித்தார். அவ்வளவுதான், ஒரு வரி. மூன்றாம் நாள் அவள் கண் திறந்து கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கேட்டாள். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு லேசான காரியமா என்று இருந்தது.

பிறகு மேலிருந்து வாசித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. முதல் பாதியிலும் ஜெபம் நடக்கிறது, அவள் மோசமாகிக்கொண்டே போகிறாள். பின்பாதியிலும் அதே ஜெபம்தான், அவள் பிழைக்கிறாள். நடுவில் என்ன மாறியது? கதை ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்து மறுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் அதற்குக் காரணம் வேண்டும். இல்லாவிட்டால் சின்னப்பிள்ளை கூட நம்பாது. நான் காரணம் தேடினேன். புது டாக்டர் வந்தார் என்று வைத்தால் அது டாக்டர் கதையாகிவிடும். இன்னும் அதிகமாக ஜெபித்தார்கள் என்று வைத்தால் முதலில் ஜெபித்தவர்கள் குறைவாக ஜெபித்தார்கள் என்று ஆகும். அவளிடம் குற்றம் வைக்க எனக்குக் கை வரவில்லை. மிஞ்சியது அந்தப் புருஷன். கதவுக்கு வெளியே செருப்போடு நிற்கிறானே, அவன் எதையோ மறைத்திருக்க வேண்டும். அதை அங்கே அழுது சொல்ல வேண்டும். உடனே கதவு திறக்க வேண்டும்.

அவனுக்குக் குடியைக் கொடுத்தேன். ரப்பர் ஷீட் அடுக்குக்கு அடியில் ஒரு குப்பியை ஒளித்து வைத்தேன். அவளுடைய வளையலை அவன் எடுத்துக்கொண்டு போனதாக ஒரு இடம் எழுதினேன். எல்லாம் எவ்வளவு நன்றாக வந்து பொருந்தியது தெரியுமா? அதுதான் கொடுமை. ஒரு சொட்டு ஒழுகாத பாத்திரம் மாதிரி கதை நின்றது. டீச்சர் கேட்டிருந்தால் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்.

அப்புறம்தான் நான் செய்த வேலை எனக்கே தெரிந்தது. அடக்கத்தன்று டீச்சர் ஒரு கேள்விதான் கேட்டார். நான் அதற்குப் பதிலைக் கட்டி, சாட்சியும் குப்பியும் சேர்த்து, அந்த மனுஷன் தலையில் வைத்துவிட்டேன். அவள் பிழைத்தால் இவன் பாவி. நல்ல முடிவு என்று இவர்கள் கேட்கிறார்களே, அதற்கு விலை இதுதான். அத்தனை தாளையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அன்று ஜெபத்தில் ஆண்டவரோடு நேராகவே பேசினேன். "உம்முடைய காரியங்களுக்கு நீர் எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம் கர்த்தாவே. நான் கேட்டேன், நீர் சொல்லவில்லை, சரி. ஆனால் கதை எழுதுகிறவள் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாத இடத்தில் பொய்க் காரணம் வைக்க மாட்டேன். என்னை உம்முடைய இடத்தில் உட்கார வைக்க இவர்களை விடாதேயும்." கோபமாகத்தான் சொன்னேன். அவர் கோபத்தைத் தாங்குகிறவர்.

மறுநாள் தங்கை மாப்பிள்ளையைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். அவர் பாலெடுத்து முடித்து, உறைந்த பாலை மெஷினில் கொடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருந்தார்.

"மைனி, இந்த வெயில்லயா நடந்து வந்தீங்க?" என்றார். மனைவியின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஷீட்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"பொழைக்க வச்சா என்ன மைனி? ஒரு எடத்திலயாவது அவ வீட்டுக்குத் திரும்பி வரட்டுமே."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டீச்சருக்கு மாட்டேன் என்று சொல்லுவது லேசு. இவருக்கு எப்படிச் சொல்லுவது?

"எழுதிப் பாத்தேன் தம்பி."

"வந்தாளா?"

"வந்தா. கஞ்சி கேட்டா."

"தொவையல் கேட்டிருப்பாளே."

"கேட்டா."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "பெறவென்ன மைனி?"

"அவ வரணும்னா நீங்க ஏதாவது தப்பு செஞ்சிருக்கணும். அப்பதான் கத நிக்குது."

"நான் என்ன செஞ்சேன்?"

"குடிச்சீங்க. குப்பிய ஷீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தீங்க."

அவர் ஷீட் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். தங்கை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "எனக்கு அந்த வாடையே ஆவாதே மைனி! குடிச்சிட்டு வந்தாம்னு கல்யாணத்தன்னைக்கே எனக்க கூட்டுக்காரன வெளிய தள்ளினவன் நான்."

"தெரியும்."

சிரிப்பு நின்றது. "அப்ப டீச்சர் கேட்டதுக்கு நீங்க பதிலு எழுதீட்டீங்க."

"எரிச்சுப் போட்டேன்."

இன்னொரு ஷீட்டை எடுத்து மெஷினில் கொடுத்தார். அது முழுவதும் மறுபக்கம் வந்தது.

"அப்ப சாவட்டும் மைனி," என்றார். பிறகு, "வேதன இல்லாம சாவட்டும். அது உங்களால முடியுமா?"

"அது முடியும்."

அதைச் செய்தேன். என் கதையில் அவள் மயக்க மருந்தில் தூங்கினாள், எழுந்திருக்கவில்லை. உண்மையில் என் தங்கை அப்படிப் போகவில்லை. அந்த ஒரு இடத்தில் நான் மாற்றி எழுதினேன். அதற்கு யாரையும் பாவியாக்க வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் போதகரிடம் போய்ச் சொல்லியிருந்தார். போதகர் சின்ன வயதுக்காரர். என்னைக் கூப்பிட்டு, "வாசிங்கம்மா. கடைசியில மட்டும் ஆறுதலா ஒரு வசனம் சேத்துக்கிடுங்களேன்," என்றார். "வசனத்த நீங்க எழும்பி நின்னு சொல்லுங்க ஐயா, அதுக்குப் பெலன் உண்டு. எனக்க கதையில அத வச்சு ஓட்டைய அடைக்க வேண்டாம்," என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

பண்டிகையன்று காலையில் ஆராதனை, பிறகு காணிக்கையாக வந்த முதற்பலன்களின் ஏலம். வாழைக்குலையும் சேனையும் கோழியும் போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்குப் போயின. சாயங்காலம் பெண்கள் நிகழ்ச்சி. டீச்சர்தான் நடத்தினார். என் முறை வந்ததும், "இப்ப ஒரு கதை," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வாசித்தேன். முதல் பாதி ஜெபக்கூட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் செருப்பு வந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை எடுத்தாள். நான் நிறுத்தவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அதே மூச்சில் அவள் செத்துப்போனாள் என்று வாசித்தேன். பின்னாலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தது. அவளுக்காக உபவாசமிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது டீச்சர் எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்தபடி சபையைப் பார்த்துத் திரும்பி, "நாம எல்லாரும் எழும்பி நிப்போம்," என்றார். பாடகர் குழுவில் ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. பாதிச் சபை எழும்பி நின்றது. அவர்கள் மேல் தப்பில்லை. சாவு வந்தால் கதை முடிந்தது, பாட்டுப் பாடிக் கலைந்து போகலாம் என்பதுதான் எங்களுக்கெல்லாம் பழக்கம். அந்தப் பாட்டுத் தொடங்கிவிட்டால் மீதி ஒருநாளும் யார் காதிலும் விழாது என்று தெரிந்தது.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சொன்னேன்: "டீச்சர், கதை முடியல. இருங்க."

"மக்கா, போதும்," என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"போதாது டீச்சர். அந்த மனுசன் இன்னும் வெளியதான் நிக்கான். உக்காருங்க."

அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. அவர் வகுப்பில் அடிவாங்கிய ஆண்பிள்ளைகள் இன்றைக்கும் அவரைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவார்கள். ஆர்மோனியம் நின்றது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் டீச்சரும் உட்கார்ந்தார்.

மீதியை வாசித்தேன். அவன் செருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் அவள் விடுகிற இடத்திலேயே விட்டதை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மற்றவர்கள் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்ததை. சாப்பாடு கொண்டுவந்தவர்கள் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்ததை. ஒருத்தர் அன்பாகக் கையைப் பிடித்து, என்ன பாவம் செய்தாய் என்று கேட்டதை. அவன் பதில் தெரியாமல், நான் என்ன செய்தேன் என்று இரவும் பகலும் தன் வாழ்க்கையையே குடைந்து குடைந்து தேடியதை. ஒன்றும் கிடைக்காததை. கடைசியில், பல மாதங்களுக்குப் பிறகு, அவன் வந்து பின்பெஞ்சில் உட்காருகிறான். எல்லோரும் பாடுகிறார்கள். அவன் பாடவில்லை. எழுந்து போகவுமில்லை. அங்கே கதை முடிகிறது.

தாளை மடக்கினேன். ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எந்த இடத்தில் சொல்லுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. போதகர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு, எந்த வசனமும் சொல்லாமல், "கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்," என்றார். இருந்தோம். எங்கள் சபையில் அத்தனை பேர் சேர்ந்து சும்மா இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

டீச்சர் என்னோடு பேசாமல் போய்விட்டார். வெளியே பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "சவமே, கொன்னுபோட்டியே," என்றாள். அழுதிருந்தாள். "அடுத்தாப்புல எழுதும்போ முழுசும் வாசி. பாதியில நிறுத்தினா நான் சோறு திம்பேன், பாத்துக்கோ."

தங்கை மாப்பிள்ளை அன்று வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கதையில் வருகிறவன் வந்து உட்கார்ந்தான் என்பதற்காக இவர் வர வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"மைனி, டீச்சர் வந்திச்சு."

"எங்க, வீட்டுக்கா?"

"தோட்டத்துக்கு. இத்தன தூரம் நடந்தே வந்திருக்கு. மெஷின் பக்கத்துல கல்லுல உக்காந்துச்சு."

"என்ன கேட்டாவ?"

"ஒண்ணும் கேக்கல. ஷீட் எப்பிடி அடிக்கதுன்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. எந்திரிக்கும்போ, தம்பி ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னேன்."

"அதுக்கு?"

"செரி மக்கான்னு சொல்லிச்சு. போயிட்டுது."

போனில் மெஷின் கைப்பிடி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்னு சொன்னப்ப எப்பிடி இருந்திச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்திச்சு மைனி."